நச்சுக் கொடியும் காடும்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் 'நச்சு ஐவி' என்றொரு கொடி உண்டு. அதைத் தொட்டவர்களில் பெரும்பாலோர்க்குத் தோல் சிவந்து, கொப்புளித்து, வாரக்கணக்கில் அரிப்பெடுக்கும். அத்தகைய கொடியால் காட்டுக்கு என்ன பயன்? சற்று ஆராய்வோம்.

பெயர் ஐவி என்றிருப்பினும், ஐரோப்பாவில் சுவர்மீது படரும் ஐவிக்கு இது உறவன்று. மா, முந்திரி, சேங்கொட்டை ஆகியவை அடங்கிய குடும்பமே இதன் குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணானவர்க்கு இவ்வுறவு எளிதில் விளங்கும்.

இடத்திற்கேற்ப உருமாறுவது இதன் இயல்பு. தரையோடு படரும், வெட்டவெளியில் புதராக நிற்கும், மரம் கிடைப்பின் பற்றுவேர்களை ஊன்றி உயர ஏறும். முதிர்ந்த தண்டு வேர்கள் அடர்ந்து மயிர்க் கயிறு போலத் தோன்றும். ஒவ்வோர் இலையிலும் மூன்று சிற்றிலைகள் இருக்கும். வெளிச்சத்தை நாடுவதால் காட்டின் விளிம்பிலும் சாலையோரத்திலும் செழித்து வளரும். ஆகவே, காட்டை ஊடறுத்துப் பாதை போடும் மனிதனே இதற்கு இடமளிக்கிறான் எனலாம்.

இலை, தண்டு, வேர் அனைத்திலும் உள்ள 'உருஷியால்' என்னும் எண்ணெய்ப் பொருளே தீங்கு செய்வது. அதைப் பகையென எண்ணி நம் உடல் தொடுக்கும் போரே கொப்புளமாக வெளிப்படுகிறது. மானும் முயலும் இவ்விலையை மேய்கின்றன, அவற்றுக்குத் துன்பமில்லை. வெண்ணிறச் சிறு கனிகள் குளிர்காலத்திலும் கொடியில் தங்கி, இரை அரிதான அந்நாளில் மரங்கொத்தி முதலிய பறவைகளுக்கு உணவாகின்றன. அப்பறவைகளே விதையைப் பரப்புகின்றன. கடற்கரை மணலை வேர்கள் பிடித்து நிறுத்துவதும் உண்டு.

வட கரோலினாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகக் காட்டில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2006இல் வெளிவந்தது. காற்றில் கரியமில வாயுவை மிகுத்தபோது இக்கொடி விரைந்து வளர்ந்தது. அதன் நஞ்சும் கடுமையாயிற்று. நம் ஆலைப் புகையும் வண்டிப் புகையும் இக்கொடிக்கு எருவாகின்றன என்பது கருதத்தக்கது.

மேற்படிப்புக்கு அந்நாடு செல்லும் நண்பர்கள் மூவிலைக் கொடியைக் கண்டால் விலகிச் செல்க. தீண்டிவிட்டால் உடனே சோப்பிட்டுக் கழுவுக. உடுத்த துணியையும் துவைத்துவிடுக. இலையுதிர்ந்த வெறுந்தண்டையும் நம்பற்க. எக்காரணங்கொண்டும் அதனை எரித்தல் ஆகாது. புகை நுரையீரலைப் புண்ணாக்கும். ஆள் நடமாடாத இடத்திலோ, அதனை அதன் போக்கில் விட்டுவிடுவதே பறவைகளுக்குச் செய்யும் நன்மையாகும்.