முன்முகமும் பின்முகமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

கணினித் திரையில் நாம் காணும் முப்பரிமாண உருவங்கள் பெரும்பாலும் முக்கோணங்களால் ஆனவை. அவற்றைப் படப்புள்ளிகளாக மாற்றும் பகுதி ராஸ்டரைசர் எனப்படும். எந்த முகத்தை வரைவது, எதை விடுவது என்று அதற்கு ஆணையிடுவது கிராபிக்ஸ் டிரைவர் என்னும் இயக்கி மென்பொருள்.

ஒரு பெட்டியை எதிரே வைத்தால் அதன் பின்பக்கம் நமக்குத் தெரிவதில்லை. தெரியாததை வரைவது வீண் உழைப்பு அல்லவா? முகம் முன்னா, பின்னா என்பதை முனைகளின் வரிசையே காட்டிவிடும். வேறு கட்டளை இல்லையெனில், ஓபன்ஜிஎல் முறையில் இடஞ்சுழியாக அமைவது முன்முகம். டைரக்ட்3டி முறையில் வலஞ்சுழி.

(0,0), (4,0), (0,3) என்ற முனைகளை எடுத்துக்கொள்வோம். குறியுடன் கணக்கிட்டால் பரப்பளவு +6. எனவே இது இடஞ்சுழி, முன்முகம்.

இனிதான் சிக்கல். ஓபன்ஜிஎல்லில் ஆதிப்புள்ளி கீழ் இடது மூலை. சாளரத்திலோ வரிகள் பொதுவாக மேலிருந்து எண்ணப்படுகின்றன. 10 வரி உயரமுள்ள சாளரமாயின் ஒய் என்பதற்குப் பதிலாக 10 − ஒய் என இட வேண்டும். முனைகள் (0,10), (4,10), (0,7) ஆகின்றன. பரப்பளவு −6 ஆகிறது! ஆகவே படத்தைத் திருப்பும் இயக்கி, முன்முக விதியையும் உடன் திருப்ப வேண்டும். நினைவகத்தில் மட்டும் வரையும் பரப்புக்குப் பொதுவாக இத்திருப்பம் தேவையில்லை.

சென்ற பருவத்தில் நான் எழுதிய சிறு வரைநிரலில், விதி குறிப்பிடப்படும்போது மட்டும் இதைக் கணக்கிட்டு வைத்தேன். நினைவகப் பரப்பில் கனசதுரம் சரியாக வந்தது. சாளரத்துக்கு மாறியதும் உட்சுவர்கள் மட்டுமே தெரிந்தன. பின்முக நீக்கத்தையே நிறுத்தினேன், படம் சரியாயிற்று. ஆசிரியர் பார்த்துவிட்டு, "நோயைப் போக்கினாயா, மறைத்தாயா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

என் தந்தையார் தையற்காரர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்தவன் நானே முதல்வன். அன்றிரவு அவரிடம் சொன்னேன். "துணியைத் திருப்பிப் போட்டு வெட்டினா வலது கை இடது கையா ஆயிடும்டா. துணி மாறுறப்பல்லாம் எந்தப் பக்கம்னு பாக்கணும்" என்றார்.

என் பிழை விளங்கிற்று. நிரல் கேட்ட விதியையும் பரப்பின் திசையையும் தனித்தனியே வைத்து, இரண்டில் எது மாறினாலும் முன்முகத்தை மீண்டும் கணக்கிட வேண்டும். திருத்திய பின், பின்முக நீக்கத்துடனேயே இரு பரப்புகளிலும் கனசதுரம் சரியாக வந்தது. இத்தகைய நிரல் எழுதும் நண்பர்கள், ஒரே உருவத்தை இரு பரப்புகளிலும் வரைந்து பார்த்த பின்னரே ஒப்படைக்க வேண்டுகிறேன்.