வட்டவளைக் குளிரில் விற்பனைக்குத் தயிரும் முளைப்பயறும்

ஒரு சட்டித் தயிர் போடத் தெரிந்த வீடுகள் வட்டவளையில் ஏராளம். பத்து லீற்றர் பாலை உறைய வைத்து விற்கத் துணிகிறவர்கள்தான் குறைவு. உறையாமல் போனால் பால் காசு போச்சே என்ற பயம். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் ஊரில் அது நியாயமான பயம்தான். ஆனால் கைராசி என்று விட்டுவிடாதீர்கள். சூட்டைக் காக்கத் தெரிந்தால் எந்தக் கைக்கும் தயிர் உறையும்.

பாலை 85 பாகைக்குக் கொண்டுவந்து, அந்தச் சூட்டிலேயே அரை மணி நேரம் வைத்திருங்கள். தயிர் கெட்டியாக நிற்பது இதனால்தான். ஒரு கொதியில் இறக்கிய பாலில் போட்ட தயிர் நீர்விடும். மிலாறு விறகு குப்பென்று எரிந்து சட்டென்று அடங்கும், பாலும் அடிப்பிடிக்கும். அதனால் தண்ணீர் கொதிக்கும் அண்டாவுக்குள் பால் பாத்திரத்தை இறக்கிக் காய்ச்சுங்கள்.

அடுத்து 43 பாகைக்கு ஆற்ற வேண்டும். சின்னப் பாத்திரம் தானாக ஆறிவிடும். பத்து லீற்றர் மணிக்கணக்கில் சூடு பிடித்து நிற்கும். பீலித் தண்ணீர் நிரப்பிய பெரிய பேசினில் பாத்திரத்தை வைத்துப் பாலைக் கிளறுங்கள், தண்ணீர் உள்ளே தெறிக்காமல். விரலை நம்ப வேண்டாம். இந்தத் தொழிலில் முதலில் வாங்க வேண்டியது வெப்பமானி.

உறைக்கு, லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி சீனி போடாத யோகட் போதும். சீனியும் ஜெலட்டினும் கலந்தது வேண்டாம். முந்திய ஈட்டுத் தயிரையே தொடர்ந்து உறையாக ஊற்றினால் புளிப்பு ஏறும். சில ஈடுகளுக்கு ஒருமுறை புது உறைக்கு மாறுங்கள். பிறகு ரெஜிபோம் பெட்டியில் கோப்பைகளை அடுக்கி, இடையே சுடுநீர்ப் போத்தல்களை வைத்து மூடி, ஐந்தாறு மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். மீன் வந்த பெட்டி ஆகாது. மண்சட்டி நீரை உறிஞ்சித் தயிரை இறுக்கும், உண்மைதான். ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை இங்கே கழுவிய சட்டி காய்வதில்லை, பூஞ்சணம் பிடிக்கும். அந்த மாதங்களில் மூடியுள்ள பிளாஸ்டிக் கோப்பைதான் நல்லது.

காலையில் தோட்ட வேலைக்குப் பெரட்டுக்குப் போகிறவர்கள் மாலைப் பாலை வாங்குங்கள். இரவு ஒன்பது மணிக்குப் பெட்டியை மூடினால், விடியற்காலை சமைக்க எழும்போது தயிரைப் பிரிட்ஜுக்கு மாற்றிவிடலாம்.

பயறு விஷயம் நேர்மாறு. முளைவிடும் பயறு தானே சூடாகும். ஐந்து கிலோவை ஒரே மூட்டையாகக் கட்டி, மறுநாள் நடுவில் கைவிட்டுப் பாருங்கள், சுடும். உள்ளே அகப்பட்ட சூட்டில் நடுப்பயறு புளித்துக் கொழகொழத்துவிடும். துளைத் தட்டுகளில் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல் பரப்பி, நாளைக்கு மூன்று தரம் கொதித்தாறிய நீரில் அலசி, நன்றாக வடிய விடுங்கள். குளிர் நாட்களில் முளை வர இரண்டு நாளாகலாம். ஒரு கிலோ பயறு குட்டை முளையோடு ஏறக்குறைய இரண்டு கிலோவாகும். விதைப்புக்கென்று விற்கும் பயற்றில் மருந்து பூசியிருக்கலாம்; அதைத் தொடாதீர்கள். பயற்றுத் தட்டுகளும் தயிர்ப் பாத்திரங்களும் ஒரே மேசையில் இருக்கவே கூடாது.

முளைப்பயற்றில் கிருமி சேர்வதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளை வழியே பரவிய ஈ.கோலைக் கிருமியால் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். கிருமி விதையோடு வந்து, முளைக்கும் ஈரத்தில் பெருகுகிறது. அதனால் பொதியில் ‘ஆவியில் அவித்துச் சாப்பிடவும்’ என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.

விலை வைக்கும்போது பால், பயறு, விறகு, கோப்பை, பஸ் காசு எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி, உங்கள் உழைப்புக்கும் ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) போட்டுக் கணக்குப் பாருங்கள். பல பெண்கள் விட்டுவிடும் வரி அதுதான். கணக்கு இடித்தால் விலையைக் கூட்டுங்கள், உங்கள் பேரை வெட்டாதீர்கள்.

கடைக்குக் கொடுக்கத் தொடங்கும் முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சமையலறைக்கே வரச் சொல்லிக் காட்டுங்கள். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். கோப்பையில் தயாரித்த திகதியும் முடியும் திகதியும் கட்டாயம் இருக்கட்டும்.