ஓட்டப்பாதையின் வளைவும் திடலின் சரிவும்

நீலகிரியில் விளையாட்டுத் திடல் அமைக்க முற்படும் ஊராட்சிகளுக்கு முதல் தடை நிலமே ஆகும். மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்த இடத்தில் நீளம் கிடைக்கலாம், அகலம் கிடைப்பதரிது. ஆகவே ஓட்டப்பாதையின் வளைவுகள் மிகக் குறுகிவிடுகின்றன. இதனால் விளையும் இடர் யாதென உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நலம்.

கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியில் சென்றோர், தாம் வெளிப்புறம் தள்ளப்படுவதாக உணர்ந்திருப்பர். உண்மையில் தள்ளுவது ஏதுமில்லை. வண்டி திரும்புகிறது, உடலோ நேரே செல்ல முயல்கிறது. வளைவில் ஓடுபவரின் நிலையும் இதுவே. அவரை உட்புறம் திருப்ப ஒரு விசை வேண்டும். அதனை அளிப்பது பாதத்திற்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வு ஒன்றே. விழாதிருக்கும் பொருட்டு அவர் உட்புறம் சாய்ந்து ஓடுகிறார்.

இவ்விசையின் அளவைப் பார்ப்போம். 50 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவர் வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுகிறார் என்போம். 400 மீட்டர் நியமப் பாதையில் வளைவின் ஆரம் 36.5 மீட்டர். அங்கே தேவைப்படும் விசை ஏறத்தாழ 9 கிலோ எடைக்குச் சமம். உடலின் சாய்வு 10 பாகை. ஆரம் 15 மீட்டராகச் சுருங்கினால் விசை 22 கிலோ எடைக்கு உயர்கிறது. சாய்வு 23 பாகையைக் கடக்கிறது. ஈரப்புல் அத்தனை பிடிப்பைத் தருமென்று நம்புவதற்கில்லை. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதையும் கருதுக.

1968-இல் ஒலிம்பிக் பந்தயம் நடந்த மெக்சிகோ நகரமும் உதகையைப் போன்றே ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றின் அடர்த்தி குறைவாதலின் அங்கே குறுந்தூர ஓட்டங்கள் விரைவாயின. ஆயினும் உயரம் வளைவின் கணக்கை மாற்றுவதில்லை. வேகம் கூடினால் இடரும் கூடும்.

நமது திடல்களில் மற்றொரு குறையும் நேர்வதுண்டு. மழைநீர் வடிவதற்கெனத் திடல் முழுவதையும் பள்ளத்தாக்கின் பக்கம் சாய்த்து விடுகின்றனர். அப்போது ஒவ்வொரு வளைவிலும் மலையை ஒட்டிய பாதி உட்புறம் சாய்ந்து, ஓடுபவருக்குத் துணை செய்யும். பள்ளத்தை ஒட்டிய பாதியோ வெளிப்புறம் சாய்ந்து வழுக்கச் செய்யும். கால் தவறினால் விழுவதும் பள்ளத்தின் பக்கமே.

ஆகவே வளைவு முழுவதும் பாதை உட்புறமே சாய்தல் வேண்டும். அச்சாய்வு 100-க்கு 1 என்பதற்கு மிகலாகாது. வடியும் நீரைப் பாதையின் உள்ளோரத்தில் மூடிய வடிகால் அமைத்து வெளியேற்றலாம். அதற்கும் இடமில்லாத ஊர்களில் சுற்றுப்பாதையை விடுத்து, 100 மீட்டர் நேர்ப்பாதை ஒன்றைச் செவ்வையாக அமைப்பதே தக்கது.