சேற்று நிலத்தில் பைல் அஸ்திவாரமும் பக்கவாட்டுத் தள்ளலும்

சேற்றுப் பாங்கான நிலத்தில் பாலமோ குடிநீர்த் தொட்டியோ கட்டுங்கால் பைல் அஸ்திவாரம் அமைப்பது வழக்கம். கெட்டியான அடிமண் வரை இறக்கப்படும் கான்கிரீட் அல்லது இரும்புத் தூண்களே பைல்கள் எனப்படுவன. மேலிருந்து வரும் பாரத்தை அவை செவ்வனே தாங்கும். பக்கவாட்டில் வரும் தள்ளலோ வேறு வகையான சோதனையாகும். 1964 ஜூன் 16-இல் ஜப்பானின் நிகாட்டா நகரில் நேர்ந்த பூகம்பத்தில், அதற்கு முந்தைய மாதந்தான் முடிவுற்றிருந்த ஷோவா பாலத்தின் கண்கள் சில ஆற்றில் வீழ்ந்தன. மணல் நீர்போல் இளகிப் பிடிப்பை இழந்தமையால் இரும்புக் குழாய்ப் பைல்கள் வளைந்துவிட்டன.

பந்தற்கால் நடுவோர் குழியின் வாய்ப்புறத்திலேயே கல்லையும் செங்கல் துண்டுகளையும் இட்டு இடித்து இறுக்குவர். அவர்கள் அனுபவத்தில் கண்டது பைலுக்கும் பொருந்தும். காற்றோ வெள்ளமோ பைலின் தலையைத் தள்ளும்போது, பைல் விட்டத்தைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு ஆழம் வரையுள்ள மண்ணே பெரும்பாலும் எதிர்த்து நிற்கிறது.

இதற்கு ப்ராம்ஸ் என்னும் அறிஞர் 1964-இல் எளிய கணக்கொன்றை வகுத்தார். களிமண்ணில் தரைமட்டத்திலிருந்து ஒன்றரை விட்ட ஆழம் வரை எதிர்ப்பே இல்லையெனக் கொள்ள வேண்டும். அங்குள்ள மண் மேல்நோக்கிப் பிதுங்கிவிடும். அதற்குக் கீழே மண்ணின் வெட்டு வலிமையைப்போல் 9 மடங்கு எதிர்ப்புக் கிட்டும். வெட்டு வலிமை சதுர மீட்டருக்கு 2 டன், பைலின் விட்டம் 30 சென்டிமீட்டர் எனில், ஒவ்வொரு மீட்டர் ஆழத்திற்கும் உச்ச எதிர்ப்பு 5.4 டன்னாகும். பைலைச் சுற்றிப் போதிய அகலத்திற்குச் சுண்ணாம்போ சிமெண்டோ கலந்து மண்ணின் வலிமையை மும்மடங்காக்கினால் இதுவும் மும்மடங்காகும். (கந்தக உப்பு மிகுந்த மண்ணில் சுண்ணாம்பு வீக்கத்தை உண்டாக்கக் கூடுமாதலால் முன்கூட்டியே மண்ணைப் பரிசோதித்தல் நலம்.)

இனி, இதற்கு நேர்மாறான நிலை ஒன்றுண்டு. பாலத்தின் ஓரத் தாங்கிக்குப் பின்னே சாலைக்காக மண்கரை உயர்த்தப்படுகிறது. அப்பாரத்தால் அடியிலுள்ள சேறு பிதுங்கிப் பைல்களைத் தள்ளுகிறது. முன்னதில் பைல் மண்ணைத் தள்ளிற்று. இதில் மண் பைலைத் தள்ளுகிறது. இவ்வேற்றுமையை மறந்து இங்கும் மேல்மண்ணை மட்டும் கெட்டிப்படுத்துவது வீண். சில வேளைகளில் கேடும் ஆகலாம். கெட்டியான மேற்பாளம் அடிச்சேற்றின் மீது வழுக்கிச் செல்லுமானால் பைலையும் உடன் இழுக்கும்; இரண்டும் சந்திக்குமிடத்தில் பைல் முறியக்கூடும். ஆகவே வலுவூட்டலைக் கெட்டிமண் வரை கொண்டு செல்ல வேண்டும். அன்றேல் மண்கரையை முதலில் போட்டு, அது அமுங்கி அடங்கிய பின்னர்ப் பைல் இறக்க வேண்டும். பின்னதில் செலவு குறைவு, காலந்தான் கூடும். பல மாதங்கள் காத்திருக்க மனமின்றி இவ்வரிசையை மாற்றுவோரே பெரும்பாலும் பிற்பாடு அல்லலுறுகின்றனர்.

நம் நாட்டின் ஐ.எஸ். 2911 விதிகளின்படி பைலைப் பக்கவாட்டில் தள்ளிச் சோதிக்கலாம். பைல் 5 மில்லிமீட்டர் நகரும்போதுள்ள பாரம், 12 மில்லிமீட்டர் நகரும்போதுள்ள பாரத்தில் பாதி, ஆகிய இரண்டில் குறைந்ததே ஏற்கத்தக்கது. சுண்ணாம்பு கலந்த மண் இறுகுவதற்கு வாரக்கணக்கில் ஆகுமாதலால், அது இறுகிய பின்னரே இச்சோதனையை நடத்துதல் வேண்டும்.