பிஸ்மில் குறம்: எழுத்தும் உள்ளமும்

குற்றாலம் என்றவுடன் அருவியை அடுத்து நினைவுக்கு வருவது குறவஞ்சி. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லியின் கைபார்த்துக் குறி சொல்கிறாள் சிங்கி. குற்றாலத்தை அடுத்த தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியவர் எனப் போற்றப்படும் ஞானி பீர்முகம்மது அப்பாவும் குற இலக்கியம் படைத்தார் என்பதை நம் மாணவருள் பலர் அறியார். அவரது 'பிஸ்மில் குறம்' என்னும் நூற்பெயரே ஆய்வுக்குரியது. மறையின் முதல் தொடரும் குறத்தியின் தொழிலும் ஒரே பெயரில் இணைந்தது எவ்வாறு?

திருக்குர்ஆனின் 114 அத்தியாயங்களுள் 113 அத்தியாயங்கள் 'பிஸ்மில்லாஹ்' எனத் தொடங்கும் 19 எழுத்துத் தொடரை முதலிற் கொண்டவை. உண்ணும்போதும் உறங்கும்போதும் நாம் மொழியும் தொடர் அது. பழக்கத்தினாலேயே பொருளுணராது ஓதப்படுவதும் அதுவே. சூஃபிகளோ அதன் எழுத்துகளை அகநிலையின் குறியீடுகளாகக் கொண்டனர். முதலெழுத்தாகிய 'பே'யின் கீழுள்ள புள்ளியில் மறை முழுவதும் அடங்கும் என்பர். அப்துல் கரீம் அல்ஜீலி இத்தொடருக்கெனத் தனிநூலே செய்தார். அச்சிந்தனை மரபு தமிழில் குற வடிவம் பெற்றது.

குறி கேட்டல் இஸ்லாத்தில் விலக்கப்பட்டதாயிற்றே எனப் பெரியோர் வினவலாம். பீர்முகம்மது அப்பா வடிவத்தை ஏற்றாரேயன்றிச் சோதிடத்தை ஏற்றாரல்லர். நாளை வருவதை உரைக்கும் குறம் அவரிடத்து, இன்று உள்ளே இருப்பதை உணர்த்தும் குறமாகிறது. குறத்தி ஏடு கொண்டுவருவதில்லை; கேட்பவளின் கைரேகையையே படிக்கிறாள். ஞானகுருவும் மறையெழுத்தின் பொருளைச் சீடனின் உள்ளத்திலேயே காட்டுகிறார். அடிவானங்களிலும் மாந்தரின் உள்ளேயும் இறைச்சான்றுகள் உண்டென்னும் திருக்குர்ஆன் கருத்து (41:53) இதற்கு அரணாகும்.

உட்பொருள் அறிந்தவனுக்குப் புறத்தொழுகை எதற்கு என்பது அடுத்த வினா. ஞானப் பாடல்களைச் சிலர் அஞ்சி ஒதுக்குதற்கும் இவ்வினாவே காரணம். விடை குறியிலேயே உள்ளது. ரேகையை அழித்துவிட்டுக் குறி சொல்லல் இயலாது. எழுத்தைத் துறந்தால் உட்பொருளும் இல்லை. ஷரீஅத், தரீக்கத், ஹகீக்கத், மஃரிபத் என்னும் நான்கு படிகளுள் ஷரீஅத் முதற்படி. மேலே ஏறியவர் அடிப்படியைப் பெயர்த்தெடுப்பதில்லை. ரேகை இருந்தும் பொருள் கேளாதிருப்பதும் இழப்பே.

தக்கலையில் ரஜப் மாத ஆண்டு விழாவின்போது அவரது 'ஞானப்புகழ்ச்சி' இரவு முழுவதும் பாடப்பெறுகிறது. செவிவழி வாழும் இச்செல்வம் வகுப்பறையிலும் வாழ்தல் வேண்டும். குற்றாலக் குறவஞ்சியைப் பயிலும் நம் மாணவர், தென்காசி தந்த ஞானியின் குறத்தையும் அருகில் வைத்துப் பயில்வாராயின், அன்றாடம் ஓதும் 'பிஸ்மில்லாஹ்'வை ஒருமுறையேனும் நின்று நிதானித்து ஓதுவர்.