மறுதாம்புக் கரும்பில் கழிப்பதும் புதுப்பிப்பதும்

நடவுக் கரும்பை வெட்டி ஆலைக்கு அனுப்பியபின் சில நாட்களுக்கு வயல் பக்கமே போகாத உழவர்கள் பலர் உள்ளனர். கட்டை இருக்கிறது, தண்ணீர் விட்டால் தானே முளைத்துக்கொள்ளும் என்பது அவர்கள் எண்ணம். கட்டை முளைக்கத்தான் செய்யும். ஆனால் கட்டையின் எந்தப் பருவிலிருந்து முளைக்கிறது, எந்த வேரை நம்பி வளர்கிறது என்பதைப் பொறுத்தே மறுதாம்பின் விளைச்சல் அமையும்.

மறுதாம்பு விடுவதால் ஏக்கருக்கு 30,000 இருபருக் கரணைகளின் விலையும், உழவுச் செலவும், நடவுக் கூலியும் மிச்சமாகின்றன. பயிரும் ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாக முதிர்ந்துவிடும். இவ்வளவு மிச்சம் கண்டவர் கட்டை சீவும் கூலியையும் மிச்சம் பிடிக்க நினைப்பது எந்தக் கணக்கில் சேரும்?

சோவியத் நாட்டுப் பொறியாளர் கென்ரிக் ஆல்ட்சுல்லர் (1926-1998) என்பவர் ஏராளமான கண்டுபிடிப்பு உரிமை ஆவணங்களை ஆராய்ந்து, தொழில் சிக்கல்களுக்குத் தீர்வு காண உதவும் 40 கோட்பாடுகளைத் தொகுத்தார். அவற்றுள் 34-ஆவது கோட்பாடு இது: வேலை முடிந்த பகுதி விலகிவிட வேண்டும், வேலையின்போது தேயும் பகுதியை அப்போதைக்கப்போதே புதுப்பிக்க வேண்டும். பொறிகளுக்காகச் சொல்லப்பட்ட இக்கருத்து கரும்பின் வேருக்கு அப்படியே பொருந்துகிறது.

நட்ட கரணையிலிருந்து முதலில் மெல்லிய கரணை வேர்கள் தோன்றுகின்றன. முளை தனக்கென்று தடித்த வெண்ணிற வேர்களை விடும்வரை இவை உணவும் நீரும் தருகின்றன; பிறகு மடிந்துவிடுகின்றன. மறுதாம்பிலும் இதே கதைதான். பழைய வேர்கள் சில காலம் புதுத்தூரைத் தாங்கிப் பின் கறுத்து அழிகின்றன. அதற்குள் புதுத்தூர் தன் வேரை மண்ணில் இறக்கியாக வேண்டும்.

கட்டையை உயரமாக விட்டுவிட்டால் மண்ணுக்கு மேலுள்ள பருக்களே முந்திக்கொண்டு முளைக்கும். அத்தூர்களின் வேர்கள் மண்ணை எட்டாமல் தொங்கும். பழைய வேர் மடிந்ததும் அவை சிறிது வறட்சிக்கே வாடும், காற்றடித்தால் சாயும். எனவே அறுவடை முடிந்த பத்து நாட்களுக்குள், மண்ணில் தக்க ஈரம் இருக்கும்போது, கூர்மையான மண்வெட்டியால் பார் மட்டத்திற்குக் கீழே 4 முதல் 6 செ.மீ. ஆழத்தில் கட்டைகளைச் சீவிவிட வேண்டும். மழுங்கிய மண்வெட்டி கட்டையைப் பிளந்துவிடும். பிளவின் வழியே நோய் புகும். மிக ஆழமாகச் சீவினால் முளைக்க வேண்டிய அடிப்பருக்களும் போய்விடும். நாள் கடத்திச் சீவினாலோ முளைத்த தூர்களையே வெட்டி எறிகிறோம்.

அடுத்து, பார்களின் இருபக்கத்தையும் கலப்பையால் ஓட்டிப் பழைய வேர்களை அறுத்துவிட வேண்டும். அந்தச் சாலில் தொழு உரம் இட்டு நீர் பாய்ச்சினால் புதுவேர் இளகிய மண்ணில் எளிதாக இறங்கும். முளைக்காத இடங்களை 30 நாட்களுக்குள் அதே வயலின் முளைத்த கட்டைகளைக் கொண்டோ பை நாற்றுகளைக் கொண்டோ நிரப்பலாம்.

சோகையைக் கொளுத்துவது சுலபமான வேலை என்பது உண்மைதான். ஆனால் அதிலுள்ள தழைச்சத்தும் அங்ககப் பொருளும் புகையோடு போய்விடுகின்றன. கரும்புக்கு வேலை முடிந்த சோகை, மண்ணுக்கு வேலை தொடங்காத பொருள். அதனை ஒன்றுவிட்டு ஒரு சாலில் பரப்பலாம். தூளாக்கும் இயந்திரம் கிடைக்குமிடத்தில் பொடித்தும் விடலாம். சோகையும் பழைய வேர்களும் மட்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் மறுதாம்புக்கு 25 விழுக்காடு கூடுதல் தழைச்சத்து தேவைப்படுகிறது. இதனை மறுதாம்பு விட்ட 5 முதல் 7 நாட்களுக்குள் இட வேண்டும். நடவுப் பயிருக்கு ஏக்கருக்கு 110 கிலோ தழைச்சத்து இட்டவர், ஏறத்தாழ 60 கிலோ யூரியா கூடுதலாக இட வேண்டியிருக்கும்.

பழைய வேர் ஓய்ந்து புதுவேர் போதிய அளவு ஓடாத நாட்களில், குறிப்பாகச் சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில், இளங்குருத்து வெளிறிக் காணப்படும். இது இரும்புச்சத்துக் குறைபாடு. பதினைந்தாம் நாள் ஏக்கருக்கு 1 கிலோ அன்னபேதி உப்பை 200 லிட்டர் நீரில் கரைத்துத் தெளிக்கலாம். வெளிறல் மாறாவிடில் 15 நாள் இடைவெளியில் மேலும் இருமுறை தெளிக்கலாம்.

பயிர் வளர்ந்தபின் சோகை உரிக்கும்போது காய்ந்த அடி இலைகளை மட்டும் உரியுங்கள். பச்சை இலைக்கு இன்னும் வேலை இருக்கிறது. வேலையாட்கள் வேகத்தில் அதையும் சேர்த்து இழுத்துவிடுவதுண்டு. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது.

எல்லா வயலையும் மறுதாம்பு விடலாகாது. செவ்வழுகல் நோய் கண்ட வயலில் எவ்வளவு சீவினாலும் நோய் கட்டையிலேயே தங்கிவிடும். அங்கே கட்டைகளை வேரோடு தோண்டி எடுத்து அழித்துவிட்டு, நீர்வசதி இருந்தால் ஒரு போகம் நெல் பயிரிடுங்கள். புல்தழை நோயும் மறுதாம்பில் மிகுதியாகத் தென்படும். அத்தகைய தூர்களைக் கண்டவுடன் பிடுங்கிவிட வேண்டும். மறுதாம்புப் பயிரிலிருந்து விதைக்கரணை எடுக்காதீர்கள். அதற்கென வளர்த்த, 6 முதல் 8 மாத வயதுடைய நாற்றங்கால் கரும்பையே அடுத்த நடவுக்குப் பயன்படுத்துங்கள்.