இடைச்சூட்டில் ஒரு உப்பு

அன்புள்ள வாசக நண்பருக்கு,

80 டிகிரியில் இயங்கும் எரிபொருள் கலமும் இருக்கிறது, 800 டிகிரியில் இயங்குவதும் இருக்கிறது. 250 டிகிரிக்கென்று தனியாக ஏன் பொருள் தேடுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

80 டிகிரி கலத்தில் நஃபியான் போன்ற பாலிமர் சவ்வு இருக்கும். அதில் புரோட்டான் நகர ஈரம் வேண்டும். சூடு நூறைத் தாண்டினால் சவ்வு காய்ந்து கடத்தல் விழுந்துவிடும். அந்தச் சூட்டில் ஹைட்ரஜனோடு துளி கார்பன் மோனாக்சைடு வந்தாலும் பிளாட்டினத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வினையை முடக்கும். அதனால் மெத்தனாலிலிருந்து எடுத்த ஹைட்ரஜனை நன்றாகச் சுத்திகரிக்காமல் ஊட்ட முடியாது. 800 டிகிரி பீங்கான் கலத்துக்கு இந்தக் கவலை கிடையாது. ஆனால் இணைப்பு, அடைப்பு எல்லாமே அந்த அனலைத் தாங்க வேண்டும்; சூடேறவும் நேரம் பிடிக்கும். 250 டிகிரியில் இரு பக்கத் தொல்லையும் குறைகிறது. அந்தச் சூட்டில் நன்றாகக் கடத்தும் பொருள் கிடைப்பதுதான் அரிது.

அப்படிக் கிடைத்த ஒன்று, சீசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் என்ற வெள்ளை உப்பு. 230 டிகிரியை ஒட்டி அதன் படிக அமைப்பு மாறி, பாஸ்பேட் தொகுதிகள் இருந்த இடத்திலேயே சுழலத் தொடங்குகின்றன. வரிசையில் நின்று செங்கல் கைமாற்றும் சித்தாள்களைப்போல, ஒவ்வொன்றும் திரும்பித் திரும்பிப் புரோட்டானை அடுத்ததிடம் கொடுக்கிறது. கடத்துதிறன் ஒரே தாவலில் ஆயிரம் மடங்குக்கு மேல் ஏறுகிறது.

கலிபோர்னியாவின் கால்டெக்கில் சோசினா ஹைலே குழுவினர் 2001இல் சீசியம் ஹைட்ரஜன் சல்பேட்டைக் கொண்டு கலத்தை இயக்கிக் காட்டினார்கள். ஆனால் ஹைட்ரஜன் பட்டால் அந்த உப்பு சிதைந்து ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகிறது. 2004இல் பாஸ்பேட்டுக்கு மாறினார்கள். சூட்டில் அது நீரிழந்து கெட்டுவிடும் என்பதால் வாயுக்களோடு நீராவியையும் செலுத்தினார்கள். இங்கே நீராவி புரோட்டானைச் சுமக்க வரவில்லை. உப்பைக் காப்பாற்ற வருகிறது. கலத்தை நிறுத்தும்போது அதே ஆவி குளிர்ந்து நீரானால் உப்பு கரைந்துவிடும்! மின்முனைகளுக்கு வேண்டிய பிளாட்டினமும் இன்னும் அதிகம்.

எனவே புதிய புரோட்டான் கடத்தி பற்றி எங்கே படித்தாலும் கடத்துதிறன் எண்ணோடு நின்றுவிடாதீர்கள். ஹைட்ரஜனிலும் நீராவியிலும் எத்தனை மணி நேரம் தாங்கியது, எத்தனை முறை நிறுத்தி இயக்கினார்கள் என்று பாருங்கள். ஒரு பொருள் ஆய்வகத்தைத் தாண்டி வருமா என்பதை அந்த இரண்டு விடைகளே சொல்லும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்